"பரவாயில்லை" என்ற பொய்யும் கழுத்து வலியும்

வியாபாரிகள் இருவர் சந்தித்துக்கொண்டால் முதலில் கேட்பது "வியாபாரம் எப்படி?" என்பதுதான். வரும் பதிலும் எப்போதும் ஒன்றுதான். "அல்ஹம்துலில்லாஹ், பரவாயில்லை." இறைவனைப் புகழ்வதில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் அந்தப் "பரவாயில்லை"க்குப் பின்னால் எத்தனை பேர் இரவு முழுக்க விழித்துக் கிடக்கின்றோம் என்பதைப் பற்றித்தான் இந்த வாரம் எழுத நினைக்கின்றேன். நான் சொல்லப் போவது முதலில் என் கதை.

மன்னாரில் எனக்குச் சிறிய மொத்த வியாபாரம். அரிசி, மா, சீனி, பருப்பு. கிழமைக்கு ஒரு முறை ஏ-32 வீதியால் லொறி போகும். விடத்தல்தீவு, இலுப்பைக்கடவை, கடைசியாக வெள்ளாங்குளம். அந்தக் கடைகளுக்குக் கடனுக்குக் கொடுப்பேன். நானும் கொழும்பில் கடனுக்குத்தான் எடுப்பேன். நம்மில் பெரும்பாலானோரின் வியாபாரம் இப்படித்தான் ஓடுகின்றது.

2022 இல் என்ன நடந்தது என்பதை யாரும் மறந்திருக்க முடியாது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் நின்ற டொலர் மே மாதமளவில் 360 ரூபாவைத் தொட்டது. ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டி வீதத்தை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளிகள் கூட்டியது. செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதம். பத்திரிகையில் இவை எண்கள். கடைக்காரனுக்கோ இதன் பொருள் வேறு. பழைய விலைக்குக் கடன் கொடுத்த நூறு மூட்டைக்கான காசு திரும்பி வந்தபோது, அதைக் கொண்டு ஐம்பது மூட்டைகூட வாங்க முடியவில்லை. நட்டக் கணக்கு எழுதாமலே முதல் கரைந்து போனது.

அந்த வருடம்தான் எனக்குக் கழுத்தும் தோளும் இறுகத் தொடங்கின. பல்லைக் கடித்துக்கொண்டே தூங்கியிருக்கின்றேன் என்பது காலையில் தாடை வலிக்கும்போதுதான் தெரியும். அதிகாலை மூன்று மணிக்குத் தானாக விழிப்பு வரும். தொலைபேசி அடித்தால் நெஞ்சு படபடக்கும். மாரடைப்புத்தான் என்று முடிவு செய்துகொண்டு டொக்டரிடம் போனேன். ஈ.சி.ஜி. சரி. இரத்தப் பரிசோதனையும் சரி. எல்லாவற்றையும் பார்த்துவிட்டு அவர் ஒரேயொரு கேள்வி கேட்டார். "இதையெல்லாம் யாரிடமாவது கதைக்கிறீர்களா?" எனக்குக் கோபம்தான் வந்தது. கதைத்தால் கடன் தீருமா என்று மனதுக்குள் கேட்டுக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன்.

அவர் கேட்டதில் இருந்த நியாயம் பிறகுதான் விளங்கியது. ஆபத்து என்று தெரிந்தால் உடம்பு ஓடவோ எதிர்க்கவோ தயாராகின்றது. அட்ரினலின் சுரக்கும், தசை இறுகும், மூச்சு மேலோட்டமாகும். பாம்பைக் கண்டு ஓடியவனுக்கு வீடு வந்ததும் அது அடங்கிவிடும். ஆனால் காசோலைத் தேதி பாம்பைப் போல விலகிப் போவதில்லை. ஒன்று போனால் அடுத்தது வரும். அதனால் உடம்பு இறுகியபடியே இருந்துவிடுகின்றது.

இது நம் சமூகத்துக்குப் புதியதல்ல. 1990 ஒக்டோபர் இறுதியில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது 70,000க்கும் மேற்பட்டோர் அகதிகளானோம். எங்கள் வாப்பா விடத்தல்தீவில் கடை வைத்திருந்தவர். புத்தளத்தில் ஓலைக் கொட்டிலுக்குள் இருந்த காலம் முழுவதும் அந்தக் கடையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. "நெஞ்சுக்குள்ள கல்லு வச்ச மாதிரி இருக்கு" என்று மட்டும் அடிக்கடி சொல்வார். உம்மா இஞ்சி அவித்துக் கொடுப்பார். வாயுக் கோளாறு என்றே நாங்கள் எல்லோரும் நம்பினோம்.

புத்தளத்தில் இடம்பெயர்ந்து வாழ்ந்த நம் மக்கள் 450 பேரிடம் நடத்தப்பட்டு 2013 இல் வெளியான ஓர் ஆய்வைப் படித்தபோதுதான் அந்தக் கல் எனக்கு விளங்கியது. அவர்களில் 18.8 வீதமானோருக்கு ஏதோவொரு மனநலப் பாதிப்பு இருந்தது. அதிலும் அதிகமாகக் காணப்பட்டது, மனதின் பாரம் உடம்பில் வலியாக வெளிப்படும் வகை. அது மட்டும் 14 வீதம். தொழில் இல்லாதவர்களும், துணையை இழந்தவர்களும், சாப்பாட்டுக்கு உறுதி இல்லாதவர்களும் கூடுதலாகப் பாதிக்கப்பட்டிருந்தனர். வாய் சொல்லாததை உடம்பு சொல்லிக்கொண்டிருந்திருக்கின்றது.

சரி, ஏன் நாம் சொல்வதில்லை? வீம்பு மட்டும் காரணமல்ல. வியாபாரியின் மௌனத்துக்கு நியாயமான ஒரு காரணம் உண்டு. 'அவருக்குக் கஷ்டமாம்' என்ற செய்தி சந்தையில் பரவினால் கொழும்புக்காரர் சரக்கை நிறுத்துவார். கொடுக்க வேண்டியவர் இழுத்தடிப்பார். வாங்க வேண்டியவர் முந்திக்கொண்டு வருவார். பெயர்தான் நமது முதல். அதைக் காப்பாற்றத்தான் வாயை மூடுகின்றோம்.

ஆனால் அந்த மௌனத்துக்கும் விலை உண்டு. எனக்குக் கடன் தரவேண்டிய ஒரு சிறிய கடைக்காரரை, வாடிக்கையாளர்களுக்கு முன்னால் வைத்து நான் கடுமையாகக் கேட்டிருக்கின்றேன். இரண்டு கிழமை கழித்து அவர் கடையைப் பூட்டிக்கொண்டு குடும்பத்தோடு ஊரை விட்டுப் போய்விட்டார். யாரிடமும் சொல்லவில்லை. யாரிடம் சொல்வார்? சொல்லக்கூடியவர்கள் எல்லோரும் என்னைப் போலக் கடன்காரர்களாகவே நின்றோம். என் காசும் போனது. அவர் எங்கே, எப்படி இருக்கின்றார் என்ற எண்ணம் இன்றும் என்னை விட்டுப் போகவில்லை.

2023 இல் ஒரு நாள் வெள்ளாங்குளத்துக்குப் போனேன். மூன்று மாத நிலுவை வைத்திருந்த ஓர் அண்ணனின் கடை. வழியெல்லாம் என்ன பேசுவது, எப்படிச் சத்தம் போடுவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். அவர் கதிரையை இழுத்துப் போட்டார். "நானா, காசுக் கதையைப் பிறகு கதைப்பம். முதல் இருங்கோ. முகம் சரியில்லையே, சுகமில்லையோ?" என்றார். பிளேன்டீ வந்தது. அவ்வளவுதான். கொழும்புக்குக் கொடுக்க வேண்டிய தொகை, தூக்கமில்லாமை, கழுத்து வலி எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

பிறகு அவர் சொன்னார். அவரிடம் கடனுக்கு வாங்குவோர் தேவன்பிட்டிக் கடற்றொழிலாளர்கள். இந்திய இழுவைப் படகுகள் வலையை அறுத்துப் போனால் அவர்களுக்கு அந்த மாதம் வருமானமில்லை. அவர்களிடம் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. போர்க்காலத்தில் ஊரையே விட்டுப் போய், திரும்பி வந்து தொடங்கிய கடை அது. அவருக்கும் மூன்று மணிக்கு விழிப்பு வருமாம். இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு கொப்பியை எடுத்து, கிழமைக்கு இவ்வளவு என்று பேசி முடித்தோம். சத்தம் போட்டிருந்தால் கிடைத்திருக்காத காசு, தவணையில் முழுவதுமாக வந்து சேர்ந்தது. என் கழுத்து வலி அன்றே பறந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அன்றிரவு தூங்கினேன்.

இப்போது மன்னாரில் நாங்கள் ஐந்து பேர். கிழமைக்கு ஒரு நாள், இஷாவுக்குப் பிறகு ஒரு மணி நேரம் அமர்கின்றோம். அனுபவத்தில் கண்ட சில ஒழுங்குகளைச் சொல்கின்றேன்.

ஒருவருக்கொருவர் கொடுக்கல் வாங்கல் உள்ளவர்கள் ஒரே வட்டத்தில் இல்லாதிருப்பது நல்லது. வெள்ளாங்குளத்து அண்ணனைப் போன்றவர் அபூர்வம். அங்கே பேசியது வீட்டுக்குக்கூடப் போகக் கூடாது. தொகையைச் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை, பாரத்தைச் சொன்னால் போதும். ஒருவர் பேசி முடிக்கும் வரை மற்றவர் புத்தி சொல்லக் கூடாது. வியாபாரிகளாகிய நமக்கு மிகக் கஷ்டமான ஒழுங்கு இதுதான். வட்டத்துக்குள் கைமாற்றுக் கேட்கக் கூடாது. கேட்கத் தொடங்கினால் அடுத்த கிழமை இருவர் வரமாட்டார்கள்.

இதனால் எல்லாம் தீரும் என்று எண்ண வேண்டாம். நெஞ்சு வலித்தால் முதலில் வைத்தியசாலைக்குப் போங்கள், மனப்பாரம் என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். தூக்கமின்மை நீடித்தால், வாழ்க்கையே வேண்டாம் என்று தோன்றினால், நண்பர்கள் மட்டும் போதாது. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு அழைக்கலாம். 1974 முதல் இயங்கும் சுமித்ரயோ அமைப்பும் பெயர் கேட்காமல் செவிகொடுக்கும்.

கடைசியாக, கடன் கொடுத்திருக்கும் சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. அடுத்த முறை நிலுவை கேட்கப் போகும்போது, கொப்பியை விரிக்க முன்னர் "சுகமா இருக்கிறீங்களா?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, பதில் வரும் வரை காத்திருங்கள். "பரவாயில்லை" என்று வந்தால் இன்னொரு முறை கேளுங்கள்.