'தோற்றாள்' என்பது ஒரு வினைமுற்று

தமிழில் ஒருவரைப் பொறுப்பற்றவர் என்று சொல்ல 'விளையாட்டுப் பிள்ளை' என்ற தொடர் போதும். வாய்தவறிச் சொன்னதைத் திரும்பப் பெற 'விளையாட்டாகச் சொன்னேன்' என்றால் முடிந்துவிடும். 'விளையாட்டு வினையாகும்', 'உயிரோடு விளையாடாதே' ஆகிய வழக்குகளிலும் அச்சொல் அக்கறையின்மையையோ ஆபத்தையோதான் சுட்டுகிறது. இந்தியில் வழங்கும் சொலவடை ஒன்று இன்னும் நேராகப் பேசும்: படித்தால் நவாப் ஆவாய், ஆடித் திரிந்தால் கெட்டுப்போவாய் என்பது அதன் பொருள். ஆனால் இதே தமிழின் பழைய இலக்கண நூலாகிய தொல்காப்பியம், மெய்ப்பாட்டியலில் உவகை தோன்றும் நான்கு களன்களுள் ஒன்றாக விளையாட்டை வைத்திருக்கிறது. மகிழ்ச்சியின் பிறப்பிடமாக எண்ணப்பட்ட ஒன்று, படிப்பின் பகையாக மாறியிருப்பது வெறும் சொல்வழக்குச் செய்தியன்று. பள்ளிகளின் கால அட்டவணையிலும் பல்கலைக்கழக வளாகங்களின் அமைப்பிலும் அந்த மனநிலை அப்படியே படிந்திருக்கிறது.

அண்மைக் காலத்தில் இதற்கு எதிரான குரலும் ஓங்கியிருக்கிறது. ஒலிம்பிக் ஆண்டுகளில் அது இன்னும் உரக்க ஒலிக்கும். விளையாட்டு ஒழுக்கத்தைத் தரும், தலைமைப்பண்பை வளர்க்கும், வெற்றிபெறக் கற்றுத்தரும் என்று கல்லூரி விழா மேடைகள் முழங்குகின்றன. பழிப்பவர்களும் புகழ்பவர்களும் ஓரிடத்தில் ஒத்துப்போகிறார்கள்: விளையாட்டின் மதிப்பு அதன் முடிவில் கிடைக்கும் பரிசில் இருக்கிறது என்றே இரு தரப்பும் கருதுகின்றன. பரிசு வராது என்று எண்ணுபவர் தடுக்கிறார். வரும் என்று நம்புபவர் ஊக்குகிறார்.

எளிய கணக்கு ஒன்று இந்த இரு பார்வைகளையும் கேள்விக்குள்ளாக்கும். 32 பேர் பங்குபெறும் வெளியேற்றுமுறைப் போட்டியில் 31 பேர் தோற்றே ஆகவேண்டும். மாலையில் இறகுப்பந்து ஆடும் இருவரில் ஒருவர் ஒவ்வோர் ஆட்டத்திலும் தோற்கிறார். விளையாடுகிறவருக்கு மிக அடிக்கடி நேரும் அனுபவம் தோல்விதான். ஆகவே விளையாட்டு எதையேனும் கற்றுத்தருகிறது என்றால், அது முதன்மையாகத் தோற்கும் முறையைத்தான் கற்றுத்தர இயலும். இந்தியக் கல்வி இளைஞர்களுக்குக் கற்றுத்தரத் தவறிய பாடமும் அதுவே.

பேச்சுத் தமிழ் இந்த வேறுபாட்டைத் துல்லியமாகக் காட்டிக்கொடுக்கிறது. ஆட்டத்தில் தோற்ற ஒருத்தியைப் பற்றி 'அவள் தோற்றாள்' என்பர். அது வினைமுற்று, காலம் காட்டும். நிகழ்ந்து முடிந்த ஒரு செயல் என்பதற்கு மேல் அது அவளைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. தேர்வில் தவறியவளைப் பற்றியோ 'அவள் பெயில்' என்பர். அது பெயர்ப் பயனிலை. அதில் காலமே இல்லை. 'அவள் மருத்துவர்', 'அவள் மூத்தவள்' என்பவற்றைப் போல அவள் யார் என்பதற்கான விடையாக அது நின்றுவிடுகிறது. ஆடுகளத்திலும் 'அவுட்' என்ற பெயர்ப் பயனிலை உண்டே என்று கேட்கலாம். உண்டு, ஆனால் அடுத்த ஆட்டம் தொடங்கியதும் அது செல்லாததாகிவிடுகிறது. ஆட்டமிழந்தவர் மறுநாள் மட்டையோடு வந்து நிற்பதைக் கண்டு எவரும் வியப்பதில்லை. தேர்வில் தவறிய மாணவர் மறுவாரம் அதே தெருவில் நடக்கவே கூசுகிறார்.

சாய்கோம் மீராபாய் சானுவின் வாழ்க்கையை இந்த இலக்கணத்தோடு பொருத்திப் பார்க்கலாம். 2016 ரியோ ஒலிம்பிக்கில் கிளீன் அண்ட் ஜெர்க் பிரிவில் அவருடைய மூன்று முயற்சிகளும் செல்லாதவையாயின. மொத்த எடை என்ற கணக்கே அவர் பெயருக்கு நேரே பதிவாகவில்லை. மறு ஆண்டே அவர் உலகச் சாம்பியன் ஆனார். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் 202 கிலோ தூக்கி வெள்ளிப் பதக்கம் வென்றார். கதை அங்கே முடிந்திருந்தால் விழா மேடைகளுக்கு வசதியாக இருந்திருக்கும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 199 கிலோ தூக்கி, ஒரே கிலோ வேறுபாட்டில் வெண்கலத்தை இழந்து நான்காம் இடம் பெற்றார். தோல்வியைத் தாண்டினால் வெற்றி உறுதி என்ற வாய்பாட்டை இந்த வரலாறு மெய்ப்பிக்கவில்லை. தோற்றார், வென்றார், மீண்டும் நூலிழையில் தவறவிட்டார், மூன்றுமே வினைமுற்றுகள். அவற்றுள் எதுவும் அவர் யார் என்பதன் இறுதி விளக்கமாகிவிடவில்லை.

விளையாட்டு தரும் பாடம் மனவுறுதியோடு நின்றுவிடுவதும் இல்லை. அதற்கு அறிவுசார்ந்த ஒரு முகமும் உண்டு. சதுரங்கத்தில் ஆட்டம் முடிந்தபின், வென்றவரும் தோற்றவரும் அதே பலகையின் முன் அமர்ந்து நகர்த்தல்களைத் திரும்ப அடுக்கி, பிழை எங்கே நேர்ந்தது என்று சேர்ந்து தேடும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. அதற்கு 'போஸ்ட்மார்ட்டம்' என்றே பெயர். சற்றுமுன் வீழ்த்தப்பட்டவர், வீழ்த்தியவரிடமே 'இந்த இடத்தில் குதிரையை நகர்த்தியிருந்தால் என்னவாகியிருக்கும்?' என்று கேட்கிறார். மற்றவரும் மறைக்காமல் விடை தேடுகிறார். பிழை அங்கே ஆளிடமிருந்து பிரிந்து பலகைக்கு இடம்பெயர்கிறது. இருவரும் அதை உற்று நோக்க முடிகிறது. விசுவநாதன் ஆனந்த் 2013 நவம்பரில், தம் சொந்த ஊரான சென்னையில், மாக்னஸ் கார்ல்சனிடம் ஓர் ஆட்டம்கூட வெல்லாமல் உலகப் பட்டத்தை இழந்தார். அடுத்த மார்ச்சில், 44 வயதில், கான்டி மான்சிஸ்க் நகரில் நடந்த கேண்டிடேட்ஸ் போட்டியில் ஓர் ஆட்டமும் தோற்காமல் முதலிடம் பெற்று, மீண்டும் கார்ல்சனை எதிர்கொள்ளும் தகுதியை ஈட்டினார். அந்த இரண்டாம் போட்டியிலும் அவர் தோற்றார். அதற்குப் பிறகும் ஆடினார்.

ஆராய்ச்சி உலகத்தை இதன் அருகே வைத்துப் பார்ப்பது பயனுள்ளது. ஆய்விதழ் ஒன்று கட்டுரையைத் திருப்பியனுப்பினால் அச்செய்தி நெறியாளருக்கும் ஆய்வாளருக்கும் இடையே புதைக்கப்படுகிறது. தன்விவரக் குறிப்பில் வெற்றிகள் மட்டுமே இடம்பெறுகின்றன. கருத்தரங்கில் எழுப்பப்படும் வினா, கட்டுரையின் மீதான வினாவாக அல்லாமல் கட்டுரையாளரின் மீதான தாக்குதலாகக் கேட்கப்படுகிறது. பல வேளைகளில் அவ்வாறே தொடுக்கவும் படுகிறது. பிழையைப் பலகையில் வைத்து இருவரும் சேர்ந்து பார்க்கும் பண்பு, அறிவையே தொழிலாகக் கொண்ட இடத்தில் அரிதாகவும், பொழுதுபோக்கு என்று ஒதுக்கப்பட்ட இடத்தில் இயல்பாகவும் இருப்பது வேடிக்கையான முரண்.

எதிராளி என்பவர் யார் என்பதையும் களம் கற்றுத்தருகிறது. சதுரங்கத்தின் விதிகள் ஏற்கெனவே இருக்கும் ஆட்டத்தைக் கட்டுப்படுத்துபவை அல்ல. அவ்விதிகளால்தான் அந்த ஆட்டமே உண்டாகிறது என்பது மொழித் தத்துவம் படித்தோர் நன்கறிந்த கருத்து. எதிராளியும் அப்படித்தான், அவர் இல்லையேல் ஆட்டம் இல்லை. 1980இல் பம்பாயில் நடந்த பொன்விழா டெஸ்டில் இங்கிலாந்தின் பாப் டெய்லருக்கு நடுவர் ஆட்டமிழப்பு கொடுத்துவிட்டார். பந்து மட்டையில் படவில்லை என்று நம்பிய இந்திய அணித்தலைவர் குண்டப்பா விசுவநாத் அவரைத் திரும்ப அழைத்தார். டெய்லரும் இயன் போத்தமும் சேர்ந்து 171 ஓட்டங்கள் எடுத்தனர். இந்தியா 10 விக்கெட் வேறுபாட்டில் தோற்றது. தவறான தீர்ப்பால் கிடைக்கும் விக்கெட் உண்மையான விக்கெட் ஆகாது என்ற எளிய புரிதலே அச்செயலின் அடிப்படை. தரவைச் சற்றே வளைத்தால் முடிவு வந்துவிடும் என்ற நிலையில் நிற்கும் எந்த ஆய்வாளருக்கும் இந்த நிகழ்ச்சி விளக்கமின்றிப் புரியும்.

இத்தனையும் விளையாடினால் தானாக வந்துசேரும் என்பது பொய். ஊக்கமருந்தும் சூதாட்டப் பேரங்களும் விளையாட்டுக்குள்ளிருந்தே வந்தவை. அடித்துப் பயிற்றுவிக்கும் பயிற்சியாளர்களும் களத்தில்தான் இருக்கிறார்கள். களத்தின் சமத்துவம் எல்லைக்கோட்டைத் தாண்டுவதில்லை என்பதற்குப் பல்வங்கர் பாலுவின் வாழ்க்கையே சான்று. தலித் குடும்பத்தில் பிறந்து, புனேயில் மைதானப் பணியாளராக இருந்து உயர்ந்த அந்தப் பந்துவீச்சாளர், 1911 இங்கிலாந்துச் சுற்றுப்பயணத்தில் 100க்கும் மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்தினார். களத்தில் அவருடைய பந்து வேண்டியிருந்தது. தேநீர் இடைவேளையிலோ அவர் அரங்குக்கு வெளியே, தனிக் குவளையில் அருந்த வேண்டியிருந்தது. இந்து அணியின் தலைமை அவருக்குக் கடைசிவரை தரப்படவில்லை. 1923இல்தான் அவருடைய தம்பி வித்தலுக்கு அது கிடைத்தது. உடன் ஆடியவர்களுக்குக் கிரிக்கெட் எந்த வாழ்க்கைப் பாடத்தைக் கற்றுத்தந்தது என்ற கேள்வியை எழுப்பாமல் விளையாட்டின் மேன்மையைப் பாடுவது நேர்மையாகாது. விளையாட்டு பாடம் புகட்ட வேண்டுமானால் களத்தின் விதி களத்துக்கு வெளியேயும் ஓரளவேனும் செல்லுபடியாக வேண்டும்.

இன்னொரு மறுப்பும் உண்டு; அது வலுவானது. ஆட்டத்தில் தோற்பவர் இழப்பது ஒரு மாலைப்பொழுதை. நுழைவுத்தேர்வில் தவறுபவர் ஓர் ஆண்டை, குடும்பத்தின் சேமிப்பை, சில வேளைகளில் கடன் வாங்கிய பணத்தை இழக்கிறார். இரண்டையும் ஒன்றாக வைத்து, 'விளையாட்டு வீரரைப் போல எடுத்துக்கொள்' என்று அவரிடம் சொல்வது கொடுமை. மன அழுத்தத்தில் உழலும் மாணவர்களிடம் மனவுறுதியை மட்டும் வளர்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, அழுத்தத்தைத் தரும் அமைப்பை அப்படியே வைத்திருக்க விரும்புவோருக்கு விளையாட்டு உவமை மிகவும் வசதியானது.

ஆகவே அந்தப் பாடத்தை மாணவர் மட்டும் கற்றால் போதாது, நிறுவனங்களும் கற்கவேண்டும். பளுதூக்குதலில் ஸ்நாட்ச் பிரிவில் மூன்று, கிளீன் அண்ட் ஜெர்க் பிரிவில் மூன்று என ஆறு முயற்சிகள் தரப்படுகின்றன. டென்னிஸில் முதல் சர்வ் தவறினால் இரண்டாவது உண்டு. லீக் போட்டியில் ஒரு தோல்வி யாரையும் வெளியேற்றுவதில்லை. ஒரு கணத் தவறு ஒருவரின் ஆற்றலை முழுமையாக அளந்துவிடாது என்ற அறிவு விளையாட்டின் கட்டமைப்புக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது. தோற்பவர் மீண்டு வருவது அவருடைய மனவலிமையால் மட்டும் நிகழ்வதில்லை. திரும்பிவர ஒரு வாசல் திறந்து வைக்கப்பட்டிருப்பதாலும் நிகழ்கிறது. கல்வி அந்த வாசலை எத்தனை இடங்களில் திறந்து வைத்திருக்கிறது என்பதே கேட்கவேண்டிய கேள்வி.

இப்போதைய நிலையில் களமும்கூட எல்லாருக்கும் திறந்திருக்கவில்லை. பொதுத்தேர்வு ஆண்டு வந்ததும் பி.டி. வகுப்பு கணக்குப் பாடத்துக்குப் போய்விடுகிறது. பருவம் எய்திய பெண்பிள்ளைகள் பலர் களத்திலிருந்து சத்தமின்றி விலக்கப்படுகிறார்கள். மாற்றுத்திறனாளி மாணவர்கள் விளையாட்டு நேரத்தில் புத்தகப் பைகளுக்குக் காவலாக அமர்த்தப்படுகிறார்கள். பல்கலைக்கழகங்களில் மைதானமும் பயிற்சியாளரும் அணியில் இடம்பெற்றவர்களுக்கே; மற்றவர்கள் கைதட்ட வருகிறார்கள். விடுதி வாயில் அடைக்கும் நேரம், மாணவிகளுக்கு மாலை ஆட்டத்தை இல்லாமலாக்குகிறது. திறமை இல்லை என்று சிறுவயதிலேயே கழித்துவிடப்பட்டவர்களுக்குத்தான் தோற்கப் பழகும் வாய்ப்பு அதிகம் தேவை. அந்த வாய்ப்பு அவர்களுக்கே மறுக்கப்படுகிறது.

பாடம், பாடம் சாராச் செயல்பாடு என்ற கறாரான பிரிவினை கூடாது என்று 2020 தேசியக் கல்விக் கொள்கை சொல்கிறது. அது நடைமுறையாக வேண்டுமானால் பெரிய அரங்குகள் தேவையில்லை. பன்னிரண்டாம் வகுப்பிலும் பறிக்கப்படாத இரண்டு விளையாட்டு வகுப்புகள், அணியில் இல்லாதவர்களுக்கும் மாலையில் திறந்திருக்கும் மைதானம், மாணவிகள் இருட்டிய பிறகும் அச்சமின்றி ஆடக்கூடிய விளக்கு வெளிச்சம், ஆய்வாளர்களும் பேராசிரியர்களும் அலுவலகப் பணியாளர்களும் ஒரே வலையின் இருபுறமும் நிற்கும் ஒரு மணி நேரம் ஆகியவை போதும். நெறியாளரை 21-15 என்று தோற்கடித்த மாணவி மறுநாள் தன் இயல் வரைவை அவரிடம் நீட்டும்போது, இருவருக்கும் இடையில் ஏதோ ஒன்று சற்றுத் தளர்ந்திருக்கும். வரைவில் அவர் சிவப்பு மையால் குறித்த பிழைகளை அவள் பலகையில் வைத்துப் பார்க்கக்கூடும். 'பெயில்' என்ற பெயர்ச்சொல் ஒரு வினைமுற்றாக மாற அத்தகைய மாலைகள் பல தேவைப்படும்.