பின் பிரேக்கைத் தொடாதே என்று சொல்ல நீங்க யாரு?

காரோட பின்சக்கர பிரேக் பேடையும் டிஸ்கையும் வீட்டு வாசல்லயே மாத்தலாம்னு யார்கிட்ட சொன்னாலும் ஒரே பாட்டுதான்: "பிரேக் உயிர் சமாச்சாரம்டா, விளையாடாதே." உயிர் சமாச்சாரம்தான், யார் இல்லைன்னு சொன்னா? அதனாலதானே அதுக்குள்ள என்ன இருக்குன்னு ஓட்டுறவனுக்குத் தெரிஞ்சிருக்கணும்ங்கறேன்! நாலு வருஷம் மெக்கானிக்கல் படிச்சு, உராய்வு குணகத்தைப் பக்கம் பக்கமா எழுதி, காலிப்பரை ஒரு தடவைகூடக் கழற்றாமலேயே பட்டம் வாங்கிட்டுப் போறோம். இதுல யாருக்கும் வெட்கமில்லை :-)

அப்படி என்ன பிரம்ம வித்தை இது? முன்சக்கரத்துக்கு முட்டுக்கட்டை. வண்டி தரையில் நிற்கும்போதே வீல் நட்டை லேசாகத் தளர்த்தணும். ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் உட்கார வைக்கணும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் தலையை விடக்கூடாது. ஹேண்ட்பிரேக்கை விடுவித்து, காலிப்பரைக் கழற்றி, ஒரு கம்பியால் கட்டி வைக்கணும். பிரேக் ஹோஸில் தொங்க விடக்கூடாது. ஹப்பில் இருக்கும் துருவைத் தேய்த்து எடுக்கணும், இல்லாட்டி புது டிஸ்க் கோணலாக உட்கார்ந்து பெடல் அதிரும். புது டிஸ்கில் துரு பிடிக்காமலிருக்கத் தடவிய எண்ணெயை பிரேக் கிளீனர் போட்டுத் துடைக்கணும். பொறுமையாகச் செய்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை.

பின் பிரேக்கில் ஒரு சூட்சுமம் உண்டு. முன் காலிப்பரின் பிஸ்டனை அழுத்தினால் உள்ளே போகும். ஹேண்ட்பிரேக்கும் சேர்ந்த பின் காலிப்பரில் பெரும்பாலும் பிஸ்டனைத் திருகித்தான் உள்ளே தள்ளணும். அதுக்குன்னு ஒரு சின்ன டூல் இருக்கு. தெரியாமல் கிளாம்ப் போட்டு நசுக்கினால் காலிப்பர் காலி. தெரிந்துகொண்டால் ஐந்து நிமிஷ வேலை.

இப்ப மேட்டருக்கு வருவோம். எலெக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக் வந்த பிறகு அந்த டூலும் போதாது. காலிப்பரில் இருக்கும் மோட்டாரைப் பின்வாங்கச் செய்ய வண்டியை 'சர்வீஸ் மோடு'க்குக் கொண்டுபோகணும். சில கார்களில் பெடலையும் சுவிட்சையும் ஒரு வரிசையில் அழுத்தினாலே போதும். பல கார்களில் ஸ்கேனர் இல்லாமல் நடக்காது. தேய்ந்துபோன பேடை மாற்ற, காரை வாங்கினவன் கம்பெனியிடம் அனுமதி கேட்டு நிற்கணும். இது பாதுகாப்பா, பூட்டா?

பூட்டுதான்னு நான் மட்டும் சொல்லவில்லை. 2014-ல் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் போட்டது. உதிரி பாகங்களையும் பழுது கண்டறியும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்க விடாமல் செய்தார்கள் என்பதுதான் குற்றச்சாட்டு. உடனே மேல்முறையீடு, வழக்கு. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மக்கள் 2012-லேயே ஓட்டுப் போட்டு, கார் பழுதுபார்க்கும் தகவலைக் கேட்டு வாங்கினார்கள். நம்ம மத்திய அரசு 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒரு இணையதளம் திறந்தது. இணையதளம் சரி, கம்பெனியைக் கட்டாயப்படுத்தும் சட்டம் எங்கே?

இந்தப் பூட்டால் அடி வாங்குவது என்னை மாதிரி ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக் மட்டுமில்லை. தெருமுனையில் இருபது வருஷமாக ஷெட் வைத்திருக்கும் அண்ணன்தான் முதலில் அடி வாங்குகிறார். கை வேலையில் அவரை அடிக்க ஆளில்லை. ஆனால் ஸ்கேனருக்கும் அதன் சந்தாவுக்கும் காசு கட்ட முடியாமல், வந்த வண்டியைத் திருப்பி அனுப்புகிறார்.

தெரியாதவனுக்கு என்ன நடக்கும் என்பதற்கு என் சித்தப்பா கார் சாட்சி. ஒரு சர்வீஸ் சென்டரில் "பின் டிஸ்க் ரெண்டும் போச்சு சார், பேடோட சேர்த்து மாத்தணும்" என்றார்கள். டிஸ்கின் குறைந்தபட்சத் தடிமன் அதிலேயே அச்சடித்திருக்கும். அந்த டிஸ்கில் 8 மி.மீ. மைக்ரோமீட்டர் வைத்து நான் அளந்தபோது 9.4. ஆழமான கீறலும் இல்லை. பேட் மட்டும்தான் தேய்ந்திருந்தது. அதை மட்டும் வாங்கி மாற்றினோம். "அளந்து பாத்தீங்களா?" என்று சித்தப்பா திரும்பப் போய்க் கேட்டபோது பதில் இல்லை.

"எல்லாரும் கை வைத்தால் விபத்து நடக்காதா?" நியாயமான கேள்வி. ஆனால் தடுத்தால் செய்யாமல் இருப்பார்களா? கையேடு கிடைக்காதவன் அரைகுறையாகக் கேட்டதை வைத்துச் செய்வான். ஆபத்து அங்கேதான். போல்ட்டை எவ்வளவு முறுக்கணும், பிஸ்டனை எந்தப் பக்கம் திருகணும், சர்வீஸ் மோடு எப்படி என்று கம்பெனியே எல்லாருக்கும் எழுதிக் கொடுத்தால் விபத்து குறையும். வேண்டாதவன் சர்வீஸ் சென்டருக்கே போகட்டும், யார் தடுத்தது?

எனவே அடுத்த கார் வாங்கப் போகும் புண்ணியவான்களே, ஷோரூமில் மைலேஜ் கேட்ட கையோடு இதையும் கேளுங்க: "பின் பேடை வெளியில மாத்த முடியுமா? சர்வீஸ் கையேடு தருவீங்களா?" நூறு பேர் கேட்டால் நூற்றியோராவது ஆளுக்காவது பதில் தயாராக இருக்கும்.

டிஸ்கி: வேலை முடிந்ததும் வண்டியை நகர்த்தும் முன் பெடல் கெட்டியாகும்வரை மிதியுங்க. முதல் மிதி தரைவரை போகும். பிறகு ஆளில்லாத சாலையில் 50-லிருந்து 10 கி.மீ. வேகத்துக்கு எட்டுப் பத்துமுறை இறக்கிப் பேடைப் பழக்குங்க. சந்தேகம் வந்தால் ஷெட் அண்ணனிடம் காட்டுங்க, கௌரவம் பார்க்காதீங்க.