வீடு உடைக்கும் முன் ஒரு தாள்

“கையில முப்பது இலட்சம் இருக்கு. தொடங்குவோம். மீதிய அல்லாஹ் பார்த்துக்கொள்வான்.”

கொழும்பில் வீடு உடைத்துக் கட்டப் போகும் நம்மவர்கள் பலரிடம் நான் கேட்கும் வார்த்தை இது. தவக்குல் நல்ல விஷயம். ஆனால் ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் என்று மத்ரஸாவில் சின்ன வயதிலேயே படித்துவிட்டோம்.

மருதானை, தெமட்டகொடை, மாளிகாவத்தை, புதுக்கடை, கொம்பனித்தெரு ஒழுங்கைகளில் நடக்கும்போது கொஞ்சம் தலையை நிமிர்த்திப் பாருங்கள். கம்பி நீட்டிக்கொண்டு நிற்கும் தூண்கள், பூசாத சுவர்கள், ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தில் தகரம். கீழே ஒரு அறையில் முழுக் குடும்பமும் படுக்கிறது. பிள்ளை படிக்க மேசை போட இடமில்லை. “மூத்த மகளுக்கு மேல் மாடி” என்று தொடங்கிய வேலை, மூத்த மகளுக்குக் கல்யாணம் முடிந்து பிள்ளை பிறந்த பிறகும் அப்படியே நிற்கிறது.

இதற்குக் காரணம் வறுமை மட்டும் என்று நான் நினைக்கவில்லை. நாம் முதலில் வீட்டைத் தீர்மானிக்கிறோம், பிறகு காசைத் தேடுகிறோம். முதலில் காசைத் தீர்மானிக்க வேண்டும். அந்தக் காசுக்குள் முடிகிற அளவுக்கு வீட்டைச் சுருக்க வேண்டும். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்.

கணக்கைப் பார்ப்போம். 600 சதுர அடியில் ஒரு மேல் மாடி. சதுர அடிக்கு 10,000 ரூபா என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பாஸ் சொல்லும் ரேட் கூடவோ குறையவோ இருக்கலாம். 60 இலட்சம் வருகிறது. நம்மில் பெரும்பாலானவர்கள் கணக்கை இந்த இடத்தில் நிறுத்திவிடுகிறார்கள்.

அந்த ரேட்டுக்குள் வராதவை எவை? பிளான் கீறுவது, எஞ்சினியர், மாநகர சபை அனுமதி: 3 இலட்சம் என்று வையுங்கள். பழைய கூரையைக் கழற்றி, உடைத்த கல்மண்ணை அள்ளி வெளியேற்ற இன்னொரு 3 இலட்சம். வேலை முடியும் வரை குடும்பம் எங்கே இருக்கும்? 60,000 ரூபா வாடகையில் 8 மாதம் என்றால் 4 இலட்சத்து 80 ஆயிரம். வீட்டுக்காரர் கேட்கும் அட்வான்ஸ் வேறு. கடைசியாக, பழைய வீட்டில் கை வைத்தால் எதிர்பாராதது ஒன்று வந்தே தீரும். அதற்கு 60 இலட்சத்தில் 15 வீதம், அதாவது 9 இலட்சம். எல்லாம் கூட்டினால் கிட்டத்தட்ட 80 இலட்சம். முதலில் நினைத்ததை விட மூன்றில் ஒரு பங்கு கூட.

அந்த 15 வீதத்தை ஆடம்பரம் என்று நினைக்காதீர்கள். கொழும்பின் பழைய வீடுகள் பல கபுக் கல்லாலும் சுண்ணாம்பாலும் கட்டியவை. ஓட்டுக் கூரையைத் தாங்க எழுப்பிய சுவர் கொங்கிரீட் தட்டைத் தாங்குமா என்பது அத்திவாரத்தைத் தோண்டிப் பார்த்தால்தான் தெரியும். தாங்காது என்றால் கீழிருந்தே புதிய தூண் எழுப்ப வேண்டும். பக்கத்து வீட்டோடு பொதுச் சுவர் என்றால் அந்தக் கதை வேறு. லொறி உள்ளே வராத ஒழுங்கை என்றால், மணலையும் கல்லையும் பெரிய ரோட்டில் இறக்கி ஆள் வைத்துச் சுமக்க வேண்டும். கூரையைக் கழற்றிய வாரத்தில் மழை பிடித்தால் கீழே இருக்கும் அல்மாரி, மெத்தை, கரண்ட் வயர் எல்லாம் போச்சு. மே மாதத்தில் தொடங்கும் தென்மேல் பருவ மழையையும், ஒக்டோபர், நவம்பர் பின்னேர மழையையும் பார்த்துத்தான் கூரையில் கை வைக்க வேண்டும்.

இப்போது கணக்கைத் திருப்பிப் போடுங்கள். கையில் 45 இலட்சம்தான் இருக்கிறது. பிளான், உடைத்தல், வாடகைக்கு 10 இலட்சத்து 80 ஆயிரத்தை முதலில் ஒதுக்குங்கள். மிச்சம் 34 இலட்சத்து 20 ஆயிரம். அதிலிருந்து எதிர்பாராத செலவுக்கும் ஒதுக்கினால், கட்டுவதற்கு ஏறக்குறைய 29 இலட்சத்து 70 ஆயிரம் இருக்கும். அதே ரேட்டில் 300 சதுர அடிக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு படுக்கை அறை, ஒரு பாத்ரூம், ஒரு சின்ன ஹோல். உங்கள் காசு கட்டித் தரும் வீடு அதுதான். பூசி, கதவு போட்டு, கரண்டும் தண்ணியும் எடுத்து, சாவியை மகளின் கையில் கொடுக்கலாம்.

“இப்ப கட்டாட்டி சாமான் விலை இன்னும் ஏறும்” என்பார்கள். உண்மைதான், ஏறும். 2021இல் ஆயிரம் ரூபா அளவில் இருந்த 50 கிலோ சீமெந்து மூடை 2022இல் என்ன விலைக்குப் போனது என்று எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அந்த வருடம் மார்ச் ஆரம்பத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. 2024 ஜனவரியில் வற் வரி 15 வீதத்திலிருந்து 18 வீதமானது. ஆனால் 2022இல் அதிகமாக அடிபட்டது யார்? தொடங்காமல் இருந்தவர்கள் அல்ல. பாதியில் நின்றவர்கள். விலை ஏறும் என்ற பயம் இருந்தால் முடிக்கக்கூடியதை மட்டும் தொடங்குங்கள். முடிக்க முடியாததைத் தொடங்க அது காரணமாகாது.

பாதியில் நின்றால் அடுத்து நடப்பதும் நமக்குத் தெரியும். நகை அடகுக்குப் போகும். வட்டி வேண்டாம் என்று பேங்க் லோன் எடுக்காதவர்கள்கூட அடகுக் கடைப் படியேறுகிறார்கள். அங்கே கட்டுவதும் வட்டிதான். மகளுக்கு வீடு கட்ட மகளின் நகையே போகிறது. அடுத்தது தம்பியின் டியூஷன் நிற்கும். அதற்கடுத்தது, வெளிநாட்டு வாழ்க்கை போதும் என்று கட்டாரிலிருந்து வந்த வாப்பா மறுபடியும் பாஸ்போர்ட்டை எடுப்பார். வகுப்பில் இப்படியான பிள்ளைகளின் முகத்தை நாங்கள் பார்க்கிறோம்.

ஆகவே சில விஷயங்களில் கண்டிப்பாக இருங்கள்.

அனுமதி எடுக்காமல் தொடங்க வேண்டாம். அனுமதியில்லாத கட்டடத்தை உடைக்க வைக்கும் அதிகாரம் 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தில் இருக்கிறது. அனுமதிக்கு மிச்சம் பிடித்த காசு, பிறகு பல மடங்காகப் போகும்.

வேலையை அளந்து எழுதிய பட்டியல், நாம் பீஓகியூ என்று சொல்வது, கையில் இல்லாமல் யாரோடும் விலை பேசாதீர்கள். ஒரே பட்டியலை மூன்று பேரிடம் கொடுத்தால்தான் மூன்று விலையையும் ஒப்பிட முடியும்.

கொந்தராத்தை எழுத்தில் போடுங்கள். பாஸ் சொந்தக்காரர் என்றால் கட்டாயம் போடுங்கள். அல்குர்ஆனின் மிக நீளமான வசனமே கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியதுதான் (2:282). எழுதக் கேட்பது சந்தேகப்படுவதாகாது. இருவரின் உறவுக்கும் அது பாதுகாப்பு. வேலை முடிந்த அளவுக்கு மட்டும் காசு கொடுங்கள். கடைசிப் பத்து வீதம் எல்லாக் குழாயும் திறந்து பார்த்த பிறகு.

கூரை, தண்ணீர், கரண்ட், கானு, இவை முதலில். டைல்ஸும் பென்ட்ரி கபேர்ட்டும் கடைசியில். சீமெந்துத் தரையில் இரண்டு வருடம் இருக்கலாம். ஒழுகும் தட்டின் கீழ் ஒரு மழைக்கும் இருக்க முடியாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இந்தக் கணக்கு பிழைக்க நாமும் காரணம். பெண் பார்க்கப் போகும் வீட்டில் எத்தனை மாடி என்று முகட்டைப் பார்ப்பது யார்? “மகளுக்கு மேல எழுப்பலையா?” என்று கல்யாண வீட்டில் கேட்பது யார்? ஒரு உம்மாவின் மனதில் அந்தக் கேள்வி விழுந்த பிறகு, எந்த எஞ்சினியரின் கணக்கும் அவருக்கு ஏறாது. ஆண் பிள்ளைகளைப் பெற்றவர்கள், உங்கள் மகனுக்குக் கேட்கும் அந்த மேல் மாடியை ஒரு தரம் இந்தத் தாளில் எழுதிப் பாருங்கள்.

கணக்கு வராது என்று சொல்ல வேண்டாம். வீட்டில் ஓ.எல். படிக்கும் பிள்ளை இருந்தால் தாளையும் பேனையையும் அதன் கையில் கொடுங்கள். வீதமும் பரப்பளவும்தான் கேள்வி. நாங்கள் படிப்பித்திருக்கிறோம்.

பாதியில் நிற்கும் வீட்டுக்காரரிடம் “எப்ப முடியும்?” என்று கேட்பதை நிறுத்துவோம். தொடங்கப் போகிறவரிடம் “கணக்கு எழுதியாச்சா?” என்று கேட்போம்.