பூட்டுத் திறந்தால் போதாது, சிக்னல் வர வேண்டும்



சென்ற மாதம் ஒரு தாய் கொழுந்து நிறுத்த கையோடு பாடசாலைக்கு வந்தார். மகள் சாதாரண தரம் படிக்கிறாள். "டீச்சர், டவுன்ல வாங்குன போன் லயத்துக்கு வந்தா செத்துப் போகுது. கடையில கேட்டா, இங்க நல்லாத்தானே வேலை செய்யுதுன்னு காட்டுறாங்க" என்றார்.

வெளிநாட்டிலிருந்து வந்த, பாவித்த போன் அது. விலை 40,000 ரூபா. 2024இல் வர்த்தமானியில் வந்த 1350 ரூபா அடிப்படை நாட்சம்பளத்தில் கணக்குப் போட்டால், ஏறக்குறைய 30 பேர். ஒரு மாதம் முழுக்க மலையில் நின்ற காசு. "அன்லொக் செய்தது, எந்த சிம்மும் போடலாம்" என்று சொல்லி விற்றிருக்கிறார்கள்.

அன்று மாலை அவருடைய லயத்துக்குப் போனேன். அதே சிம்மைப் பக்கத்துக் காம்பரா அக்காவின் பழைய போனில் போட்டோம். உடனே சிக்னல் வந்தது, பேசவும் முடிந்தது. ஆகவே குறை சிம்மிலும் இல்லை, டவரிலும் இல்லை. போனின் மொடல் இலக்கத்தை வைத்துத் தேடிப் பார்த்தேன். 1800, 2100 அலைவரிசைகள் அதில் இருந்தன. 900 இல்லை.

கடைக்காரர் சொன்னது பொய்யல்ல, அரை உண்மை. அன்லொக் என்றால் ஒரு கம்பனியின் சிம்முக்கு மட்டும் போட்டிருந்த பூட்டைத் திறந்துவிட்டார்கள் என்றுதான் அர்த்தம். போனுக்குள் இல்லாத அலைவரிசையை அது கொண்டுவராது. மீடியம் வேவ் மட்டும் உள்ள பழைய ரேடியோவில் புது பற்றரி போட்டாலும் எப்.எம். கேட்காது அல்லவா? அதே கதைதான்.

நம் நாட்டில் போன் கம்பனிகள் முக்கியமாக 900, 1800, 2100 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசைகளைப் பாவிக்கின்றன. இலக்கம் குறையக் குறைய அலை தூரம் போகும், சுவரையும் கொஞ்சம் தாண்டும். டவுனில் டவர் பக்கத்தில் இருப்பதால் 1800 போதும். மலைக்குப் பின்னால் பள்ளத்தில் இருக்கும் லயத்துக்குப் பல இடங்களில் 900தான் எட்டிப் பிடிக்கிறது. அமெரிக்காவிலோ பழைய அழைப்புகளுக்கு 850, 1900 பாவித்தார்கள். ஜப்பானில் ஜி.எஸ்.எம். முறை இருந்ததே இல்லை. ஒரே பெயருள்ள போனைக்கூட நாட்டுக்கு நாடு வேறு வேறு அலைவரிசைகளோடு செய்கிறார்கள். பெயரைப் பார்த்து வாங்கி ஏமாறுவது இதனால்தான்.

ஆகவே, காசு கொடுக்கும் முன் இவற்றைச் செய்யுங்கள்:

1. உங்கள் லயத்தில் எந்தக் கம்பனியின் சிக்னல் நன்றாக வருகிறது என்று அக்கம்பக்கத்தில் கேளுங்கள்.

2. போனின் மொடல் இலக்கத்தை எழுதி வாருங்கள். 900, 1800, 2100 மூன்றும் இருக்கின்றனவா என்று படித்த பிள்ளைகளிடமோ எங்களிடமோ கேட்டுப் பாருங்கள். 4ஜிக்கு இவை பேண்ட் 8, 3, 1 என்று இருக்கும்.

3. *#06# அடித்தால் 15 இலக்கங்கள் வரும். ஆங்கிலத்தில் ஐ.எம்.இ.ஐ. என்ற நான்கு எழுத்துகளையும் புள்ளியில்லாமல் அடித்து, இடைவெளி விட்டு, அந்த இலக்கங்களை 1909க்கு எஸ்.எம்.எஸ். அனுப்புங்கள். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதிந்த போனா என்று பதில் வரும்.

4. "தோட்டத்தில் வேலை செய்யாவிட்டால் ஒரு கிழமைக்குள் திருப்பி எடுப்போம்" என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். எழுத மறுக்கும் கடையில் வாங்க வேண்டாம். ஏமாற்றினால் நுகர்வோர் அதிகார சபைக்கு 1977இல் முறையிடலாம்.

தோழர்களே, இது வெறும் போன் விஷயமல்ல. பிள்ளையின் பாடம் வட்ஸ்அப்பில் வருகிறது. நடுராத்திரியில் பிரசவ வலி வந்தால் 1990 அம்புலன்சைக் கூப்பிட வேண்டும். 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தையில் மண் சரிந்ததை நாம் மறக்கவில்லை. அடைமழை இரவில் 117க்கு அழைக்கும்போது கையிலிருக்கும் போன் பேச வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. கடைக்காரர் டவரைக் குறை சொல்வார், கம்பனி போனைக் குறை சொல்லும். நடுவில் நாம் நிற்போம். சிம்மை மாற்றிப் பார்க்கும் சோதனை இந்த விளையாட்டை முடித்து வைக்கும். ஒரு போனில் மட்டும் சிக்னல் இல்லையென்றால் கடைக்காரர் பொறுப்பு. எந்த நல்ல போனிலும், எந்தக் கம்பனி சிம்மிலும் இல்லையென்றால் அது டவர் பிரச்சினை, சங்கத்தின் பிரச்சினை.

அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்துக்கு முன் ஒவ்வொரு தலைவரும், மாதர் தலைவியும் தங்கள் டிவிசனில் இப்படிச் சோதித்துப் பாருங்கள். எந்த லயத்தில் எந்தக் கம்பனியும் எடுபடவில்லை என்று எழுதித் தாருங்கள். அந்தப் பட்டியல் கையில் இருந்தால்தான் கம்பனிகளிடமும் ஆணைக்குழுவிடமும் டவர் கேட்டு வாதாட முடியும்.

அந்தத் தாயோடு தோட்டத் தலைவரும் நானும் கடைக்குப் போனோம். இரண்டு மணித்தியாலம் வாதாடிய பிறகு போனை மாற்றிக் கொடுத்தார்கள். முதல் நாள் அவர் தனியாகப் போனபோது யாரும் காது கொடுக்கவில்லை என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.