கைவண்ணப் பக்கம்: அச்சுப் பூவுக்கு நிறமூட்டல்



வெண்டிக்காயைக் குறுக்காக வெட்டி மையில் தோய்த்துப் பூ அச்சுக் குத்துவது எங்களில் அநேகருக்குப் பள்ளிக்கூட நாளிலேயே தெரிந்த வேலை. அந்தப் பூவை விலைபோகும் வாழ்த்து மடலாக்குவது வேறு வேலை. அதை எழுதுவதற்கு முன் நாங்கள் பட்ட ஒரு அவமானத்தைச் சொல்லிவிடுகிறேன்.

2011 ஆம் ஆண்டு நத்தாருக்கு நாங்கள் ஏழு பேர் சேர்ந்து 60 மடல்கள் செய்தோம். கந்தோர்களில் சீல் குத்தும் ஊதா மைப்பெட்டிதான் கைவசம் இருந்தது. அதில் அச்சுக் குத்தி உள்ளே நீர்வர்ணம் தீட்டினோம். பஸ்ஸில் கொண்டு போகையில் மழைத்தூறல் பெட்டிக்குள் இறங்கிவிட்டது. கடையில் திறந்து பார்த்தால் பூக்கள் எல்லாம் ஊதாவாய்க் கரைந்து கிடந்தன. கடைக்காரர் ஏசவில்லை. "பரவாயில்லை அக்கா, யுத்தத்தில பாதிக்கப்பட்ட பெண்கள் செய்தது எண்டு ஒரு துண்டு எழுதி ஒட்டி விடுவம். பாவம் பார்த்து வாங்குவினம்" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனாலும் அவர் ஏசியிருந்தால் எனக்கு இவ்வளவு நொந்திருக்காது.

என்னோடு வந்த தங்கச்சி பேசாமல் பெட்டியை மூடிக்கொண்டு இறங்கிவிட்டாள். திரும்பி வரும்போதுதான் வாய் திறந்தாள். "பாவம் பார்த்து வாங்கிறவை ஒருக்காத்தான் வாங்குவினம் அக்கா. அடுத்த வருசம் என்ன செய்யிறது?"

கைகள் இயங்காமல் வாயாலும் காலாலும் ஓவியம் தீட்டுபவர்களுக்கென்று ஐரோப்பாவில் ஒரு சங்கம் தொடங்கப்பட்டது. தொடங்கியவர் எரிச் ஸ்டெக்மன். சிறுவயதில் இளம்பிள்ளை வாதத்தால் கைகளின் இயக்கத்தை இழந்த ஜேர்மன் ஓவியர். அவர்களுடைய நத்தார் மடல்கள் பல நாடுகளில் விற்கின்றன. தருமம் வேண்டாம், சுயஉதவியே வேண்டும் என்பது அவர்களின் கொள்கை. அங்கத்தவராகச் சேர்வதற்கும் ஓவியத்தின் தரத்தைப் பார்க்கிறார்கள். அந்தப் பெட்டியை வீட்டில் இறக்கி வைத்த அன்று எனக்கு இவர்களின் நினைவுதான் வந்தது.

சரி, வேலைக்கு வருவோம். முதலாவது கோடு. கந்தோர் மை தண்ணீர் பட்டால் ஓடும், அதை விட்டுவிடுங்கள். தையல் வகுப்பில் துணிக்குத் தீட்டும் வர்ணம் பாவித்திருப்பீர்கள். அது காய்ந்த பின் தண்ணீருக்கு அசையாது. பழைய ஸ்பொஞ்சுத் துண்டில் மிக மெல்லியதாகத் தடவி, அதில் அச்சை ஒற்றி எடுத்துக் குத்துங்கள். வெண்டிக்காயை வெட்டியவுடன் குத்த வேண்டாம். அதன் வழுவழுப்பில் வர்ணம் வழுக்கும். துணியில் ஒற்றி, சற்று உலர விட்டுக் குத்தினால் ஐந்து இதழும் தெளிவாக விழும். அழிறப்பரில் வெட்டிய அச்சென்றால் வேலை முடிந்த கையோடு கழுவிவிட வேண்டும். காய்ந்தால் பிறகு போகாது.

மட்டைக்கு ஏ4 அளவு வெள்ளை பிறிஸ்டல் போட் போதும். பாதியாக வெட்டி மடித்தால் ஒன்றில் இரண்டு மடல்கள் வரும்.

இனி நிறம். வெண்டிக்காய் அச்சில் விழும் பூவை என்ன பூவாக்குவது என்று பலர் யோசிப்பதில்லை. கையில் அகப்பட்ட ரோஸ் நிறத்தைப் பூசிவிடுகிறார்கள். வெண்டியும் செவ்வரத்தையும் பூவரசும் ஒரே குடும்பத்துச் செடிகள். மூன்றுக்கும் ஐந்து இதழ். ஆகவே எங்கள் வேலியில் நிற்கும் பூவரசம்பூவையே ஒன்று பிடுங்கி முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். காலையில் மஞ்சளாக, அடியில் கருஞ்சிவப்போடு இருக்கும் பூ, பொழுதுபட மெல்ல மெல்லச் சிவந்து வாடும். ஒரே மடலில் காலைப்பூ ஒன்று, மாலைப்பூ ஒன்று, மொட்டு ஒன்று என்று தீட்டினால் அழகு தனி. இது எங்கள் சொந்தக் கண்டுபிடிப்பு, கொஞ்சம் பெருமையடித்துக் கொள்கிறேன்.

பிள்ளைகளின் கலர் பென்சிலே போதும். நன்றாகச் சீவி, அழுத்தாமல், இதழின் அடியிலிருந்து நுனி நோக்கிக் கீறுங்கள். முதலில் இதழ் முழுவதும் இள மஞ்சள். அதன்மேல் அடியிலிருந்து பாதி வரை செம்மஞ்சள். கடைசியாக அடியில் மாத்திரம் கருஞ்சிவப்பு. ஒரே தரத்தில் அழுத்திப் பூசினால் மெழுகு படிந்து மேலே மற்ற நிறம் பிடிக்காது. வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வருகிறது என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொரு இதழின் வலப்பக்க ஓரத்திலும் கபில நிறத்தை மெல்லத் தொடுங்கள். பூவுக்கு வெளியே அதே பக்கம் சாம்பல் நிறத்தில் மெல்லிய நிழல் வையுங்கள். அவ்வளவுதான், பூ மட்டையை விட்டு எழும்பி நிற்கும். நிழலுக்குக் கறுப்புப் பாவித்தால் ஊத்தை போலத் தெரியும்.

இலைக்கு அச்சு வெட்டத் தேவையில்லை. சிறிய பூவரசங் கொழுந்திலையின் பின்புறத்தில் வர்ணம் தடவி அழுத்தினால் நரம்பெல்லாம் பதியும். அதன்மேல் முதலில் மஞ்சள், பிறகு பச்சை.

சமையல் மஞ்சளும் பீற்றூட் சாறும் மலிவுதான். ஆனால் வெயில் படும் கண்ணாடிக்குள் வைத்தால் கெதியில் வெளிறிவிடும். வேண்டாம். மகரந்தத்துக்கு ஒருமுறை ரவையை ஒட்டினேன். மறுநாள் எறும்பு வரிசை வந்தது. கழுவிக் காயவைத்த மெல்லிய கடல்மணலைக் கோந்தில் தூவுங்கள், அது பாதுகாப்பு.

பூவின் நடுவுக்கு மணி, கல் ஒட்டுவதைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். தடித்த மணி உறைக்குள் நசிந்து மட்டையைக் கிழிக்கும். இதற்கு வழி சொன்னது எங்களில் ஒருத்திதான். அவளுடைய கணவர் 2009 இற்குப் பிறகு எங்கே என்று தெரியவில்லை. ஒருநாள் நான்கைந்து பொட்டுப் பக்கற்றுகளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். "வைச்சாலும் சனம் கதைக்குது, வைக்காட்டிலும் கதைக்குது. பூவுக்கு வைப்பம்" என்றாள். கருஞ்சிவப்புச் சிறு பொட்டு பூவரசம்பூவின் நடுவுக்கு அளவெடுத்தது போல இருந்தது. தட்டையானது, உறைக்குள் நசியாது. அதன் பசை சூட்டில் விட்டுப்போகும் என்பதால் ஒரு துளி கோந்தும் வைத்து ஒட்டுகிறோம். வேலை முடிந்து எழும்பும்போது ஒரு பக்கற்றை அவள் திரும்பத் தன் கைப்பைக்குள் வைத்தாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. விருப்பமானவர் வைக்கட்டும், ஊருக்கு இதில் என்ன வேலை என்பதுதான் என் எண்ணம்.

அடுத்த வருடம் அதே கடைக்கு 40 மடல்கள் கொண்டு போனோம். இம்முறை பொலித்தீனில் சுற்றித்தான். கடைக்காரர் ஒன்றை விரலில் எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார், எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துண்டு ஒட்டவில்லை. பின்புறத்தில் செய்தவரின் பெயரை மாத்திரம் சிறிதாக எழுதியிருந்தோம். 31 விற்றன. மீதி ஒன்பதும் திரும்பி வந்தன. அவற்றில் ஆறு, நான் தீட்டியவை. நான் இன்னும் அழுத்தித்தான் கீறுகிறேன் என்று பிள்ளைகள் பகிடி பண்ணுகிறார்கள்.

மடலுக்கு ஏற்ற உறையை வீட்டிலேயே வெட்டி ஒட்டுவதை அடுத்த மாதம் பார்ப்போம். அதற்குள் பூவரசம்பூ ஒன்றைப் பார்த்துத் தீட்டி வையுங்கள்.