மூலப் படத்தைக் காப்போம்

ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரப் பருத்திச் சேலையையும் இராஜபாளையத்து மாம்பழத்தையும் இன்று வெளியூரார் பலர் முதலில் காண்பது படத்தில்தான். படம் மங்கினால் சரக்கின் மதிப்பும் மங்கும். ஆயினும் சில சங்கங்களில், திருத்திய ஜேபெக் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு மூலத்தை அழித்துவிடுகின்றனர். இது சிக்கனமன்று, இழப்பேயாகும்.

1992-இல் வகுக்கப்பெற்ற ஜேபெக் முறை, கோப்பைச் சிறிதாக்கும் பொருட்டு, கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுட்பங்களைக் கழித்துவிடுகிறது. படத்தைப் பார்ப்பதாலோ கோப்பை நகலெடுப்பதாலோ கேடில்லை. திருத்தித் திருத்திச் சேமிக்குந்தோறும் இழப்பு கூடுகிறது. சிறுகட்டமும் கரைக் கம்பியும் கலங்குகின்றன. கழிந்தது மீளாது. பிஎன்ஜி முறையிலும் வழக்கமான டிஃப் முறையிலும் இவ்விழப்பு இல்லை, கோப்புதான் பெரிதாகும்.

பேரேட்டை அழித்துவிட்டு நகலைக் கொண்டு கணக்கு நடத்துவோமா? ஆகவே அங்கத்தினர்கள் மூலப் படத்தைத் தொடாது காத்திடுக. திருத்த வேண்டுவதை டிஃப் அல்லது பிஎன்ஜி முறையில் சேமித்திடுக. வேலை முற்றுப்பெற்றபின் ஒரே முறை ஜேபெக்காக்கி வாங்குவோருக்கு அனுப்புக. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஆவணமாக அனுப்புக. படமாக அனுப்பின் மீண்டும் சுருங்கும். தறியில் பட்ட பாடு படத்தில் வீணாகலாகாது.