கிணறு யாருடையது?

"போட்டி இருந்தால் எல்லோரும் வாழலாம்" என்று முதலாளிகளின் பத்திரிகைகள் ஓயாமல் போதித்து வருகின்றன. அவர்கள் காட்டும் பெரிய உதாரணம் கம்ப்யூட்டர் தொழில். அந்தக் கதையையே பார்ப்போம்.

1981 ஆகஸ்டில் அமெரிக்காவின் ராட்சதக் கம்பெனியான ஐ.பி.எம்., 1,565 டாலர் ஆரம்ப விலையில் தன் பெர்சனல் கம்ப்யூட்டரை மார்க்கெட்டில் இறக்கியது. அதற்கு மூளை போன்ற சிப்பை இன்டெல் கம்பெனியிடமும், அதை இயக்கும் புரோகிராமை மைக்ரோசாப்ட் கம்பெனியிடமும் வாங்கியது. அந்தப் புரோகிராமைப் பிறருக்கும் விற்கும் உரிமையை மைக்ரோசாப்ட் தன் கையிலேயே வைத்துக்கொண்டது.

உடனே போட்டி மூண்டது. 1982ல் தோன்றிய காம்பாக், அதே ரக இயந்திரத்தைச் செய்தது. 1984ல் தோன்றிய டெல், கடைக்காரரை விலக்கி நேரே விற்றது. விலை சரிந்தது. வாங்கியவர்களுக்கு அது நன்மைதான், மறுக்கவில்லை.

முடிவு என்ன? காம்பாக்கை 2002ல் ஹியூலெட்-பாக்கார்ட் விழுங்கியது. ஐ.பி.எம். 2005ல் இத்தொழிலைச் சீனாவின் லெனோவோவிடம் விற்றுவிட்டு வெளியேறியது. விவசாயிகள் போட்டி போட்டு நெல்லை மலிவாக விற்கிறார்கள். கிணற்றுக்காரனோ ஒவ்வொரு களத்திலும் தண்ணீர்ப் பங்கு அளந்துகொண்டு போகிறான். இங்கே கிணற்றுக்காரர்கள் இன்டெலும் மைக்ரோசாப்டும். மைக்ரோசாப்ட் தன் ஏகபோகத்தைச் சட்டவிரோதமாகக் காத்துக்கொண்டது என்று அமெரிக்க அப்பீல் கோர்ட்டே 2001ல் தீர்ப்பளித்தது.

விலைப் போட்டியின் சுமை யார் தலையில் விழுந்தது? 2009 ஜனவரியில் டெல், அயர்லாந்தின் லிமரிக் தொழிற்சாலையில் நடந்த உற்பத்தியைப் போலந்தின் லோட்ஸ் நகருக்கு மாற்றப்போவதாக அறிவித்தது. 1,900 பேரின் வேலைக்கு உலை வைக்கப்பட்டது. லோட்ஸ் எது தெரியுமா? பஞ்சாலைகளால் வளர்ந்து, ஆலைகள் மூடப்பட்டு வாடிய நகரம். அங்கே கூலி குறைவு, அதுதான் கவர்ச்சி.

லிமரிக் தொழிலாளியின் வேலையைப் பறித்தவன் லோட்ஸ் தொழிலாளி அல்ல. இருவரும் ஒரே தராசில் நிறுக்கப்பட்டவர்கள்.

தோழர்களே! "போட்டி கடுமை, கூலியைக் குறைத்துக்கொள்" என்று எந்த முதலாளி சொன்னாலும், முதலில் கணக்கைக் காட்டச் சொல்லுங்கள். கிணறு யாருடையது, பங்கு யாருக்குப் போகிறது என்று கேளுங்கள். ஊருக்கு ஊர் கூலியைப் போட்டியிட விடாமல் தடுப்பது, ஊர் தாண்டிக் கைகோக்கும் சங்கம் ஒன்றே!